பதினோராவது நாற்காலி

வளைகுடாக் குழுவின் ஏழாவது கூட்டத்துக்குக் கடல் வந்தது. துறைமுக அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், யாருக்கும் ஒதுக்காமல் கிடந்த பதினோராவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. தொட்டி இல்லை, பாத்திரம் இல்லை. ஓர் ஆளின் தோள் உயரத்துக்குத் தண்ணீர், ஒரு சொட்டுச் சிந்தாமல். குழாய் உடைந்துவிட்டதென்று நினைத்த செயலர் ரிப்பேர்காரரை வரவழைத்தார். அவர் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "உப்பு சார், இது நம்ம வேலை இல்ல" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கடல் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. யார் அனுப்பினார்கள் என்றுதான் கேட்டார்கள். படகுக்காரர்கள், இது கம்பெனியின் ஏற்பாடு என்றார்கள். கூண்டு போட்டு மீன் வளர்க்க வந்த அந்தக் கம்பெனியின் மேலாளர், படகுக்காரர்கள் வாளியில் மொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள் என்றார். ஊற்றிய தண்ணீர் எப்படி நிற்கிறது என்றதற்கு, அதையும் அவர்களிடமே கேட்கச் சொன்னார். மீன்வள ஆய்வாளர் அம்மா ஒரு குப்பியில் கொஞ்சம் எடுத்துப்போனார். குப்பிக்குள்ளும் அது வெளியே கடல் ஏறும்போது ஏறி, வற்றும்போது இறங்கியது. படகுக்காரர்களுக்குத் தலைவரான அண்ணன் முழங்கைவரை கைவிட்டுத் துழாவிவிட்டு, "கடல்தான். ஆனா நம்ம கடலான்னு தெரியல" என்றார். வெளிக்கடலைக் கொண்டுவந்து ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் கரை முழுக்கப் பரவிவிட்டது.

நம்ம கடலா என்ற சந்தேகத்தை அண்ணன் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தது அவருடைய கூடப்பிறந்த தங்கை. ஒருவர் பேச்சை இன்னொருவருக்குப் புரியவைப்பதற்காகக் குழு அவளை வேலைக்கு வைத்திருந்தது. கரையில் அவளுக்குத் தூதுக்காரி என்று பெயர். அங்கே எல்லாரும் பேசியது ஒரே மொழிதான், வம்பே அதில்தான் இருந்தது. ஆய்வாளர் அம்மா 'வளங்குன்றாப் பயன்பாடு' என்பார். நாளைக்கும் மீன் இருக்க வேண்டுமென்றால் இன்றைக்குக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும் என்று அர்த்தம். அதே சொல்லை மேலாளர் சொன்னால் இருபது வருஷத்துக்கு ஓயாத உற்பத்தி. படகுக்காரர்கள் காதில் அது, நம்மைத் துரத்துவதற்கு வைத்த புதுப் பெயர். அம்மா பத்து நிமிஷம் பேசியதைத் தூதுக்காரி இரண்டு வரியில் சொன்னால், மீதியை எங்கே ஒளித்தாய் என்று கேட்பார்கள். ஐந்து வரியில் சொன்னால், மூன்று வரி யாருடையது என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி. அவளுக்கு நாலு பக்கமும். வேலையில் சேர்ந்த அன்றே, "சம்பளம் குடுக்கிறவன் பேச்சைத்தானே பேசுவ" என்று சொன்ன அண்ணன், அதற்குப் பிறகு பதினோரு மாதமாக அவளிடம் பேசவில்லை. அது அவளுக்குச் சோறு இறங்காத வலியாக இருந்தது.

விஷயம் இதுதான். குஞ்சு மீன் வளரும் நாலு மாதம் வளைகுடாவை மூடிவைக்க வேண்டும் என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். கம்பெனி உடனே சரியென்றது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் ஆட்டுக்குச் சந்தேகம் வராதா? தீர்மானத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தபோது மூடும் தேதி இருந்தது, திறக்கும் தேதி இல்லை. ஆளில்லாத வளைகுடாவில் கூண்டுகளை இறக்குவது யாருக்கும் கஷ்டமில்லை. அண்ணனுடையது சின்ன இயந்திரம் வைத்த படகு, வளைகுடாவைத் தாண்டினால் திரும்பி வராது. தூதுக்காரி தேதி விடுபட்டதை எடுத்துச் சொன்னாள். செயலர் அச்சுப்பிழை என்றார், திருத்தவில்லை. படகுக்காரர்கள், இவளே சொல்கிறாள் என்றால் இதிலும் ஏதோ இருக்கிறது என்றார்கள்.

பத்து உறுப்பினர்களில் ஐந்து பேர் தீர்மானத்துக்கு ஆதரவு. நாலு படகுக்காரர்களும், திறக்கும் தேதி இல்லாததைப் பார்த்த பிறகு ஆய்வாளர் அம்மாவும் எதிர்ப்பு. அப்போதுதான் செயலருக்குக் கடல் கண்ணில் பட்டது. தொடர்ந்து மூன்று கூட்டம் வந்தவர் உறுப்பினர் என்று விதி இருந்தது. எதிர்ப்புச் சொல்லாத உறுப்பினர் சம்மதித்தவர் என்றும் விதி இருந்தது. ஒன்பதாவது கூட்டத்தில் வருகைப் பதிவேட்டை அந்த நாற்காலியின் முன் நீட்டினார். கடைசி வரியில் ஈரம் பட்டது, உறுப்பினர் எண் பதினொன்று என்று எழுதிக்கொண்டார். அந்தக் குழுவுக்கு வேறு இரண்டு விதிகளும் உண்டு. தன் முதுகுக்குப் பின்னால் எதையாவது முடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் முதல் கூட்டத்திலேயே எல்லாருமாகச் சேர்ந்து போட்டவை. எல்லாரும் 'புரிந்தது' என்று சொல்லாமல் தீர்மானத்தை எடுக்கக் கூடாது. உறுப்பினர் ஒருவர் பாதியில் எழுந்துபோனால் அன்றைய கூட்டமே செல்லாது.

பத்தாவது கூட்டம் காலை பத்து மணிக்கு. அன்று பத்தரைக்குக் கடல் நாற்காலியின் கைப்பிடிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆய்வாளர் அம்மா பையிலிருந்து, கடல் ஏறி வற்றும் நேரங்களைப் போட்ட ஓத அட்டவணையை எடுத்துப் பார்த்து, தனக்குள் சொல்வதுபோல, "பதினொன்று பத்து" என்றார். ஜன்னல் வழியே படகுத்துறைக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் திரும்பாமலே, "பதினொண்ணே கால்" என்றார். பிறகுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பை களவு போனவர்கள் பேருந்தில் பக்கத்து ஆளைப் பார்க்கும் பார்வை அது. நடுவில் உட்கார்ந்திருந்த தூதுக்காரிக்கு இரண்டும் கேட்டது.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று செயலர் பேனாவைத் திறந்தார்.

"எனக்குப் புரியல" என்றார் அண்ணன். பிறகு சுவரை விட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தார். "முதல்ல இருந்து சொல்லு."

அவள் சொன்னாள். குஞ்சு மீன் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தாள். பிறந்ததிலிருந்து குஞ்சு மீன் பார்த்த அண்ணன், "அப்படின்னா?" என்று கேட்டார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். தூதுக்காரி எந்த நாலு மாதம் என்று சொல்லும்போது அண்ணன் நிஜமாகவே நிமிர்ந்தார்.

"அந்த நாலு மாசம் நாங்க உள்ள குஞ்சு மாட்டுற சின்னக் கண்ணி வலை போடறதே இல்லையே. எங்க அப்பா நாள்ல இருந்து."

ஆய்வாளர் அம்மாவின் குரல் இறங்கியது. "இதை ஏன் முன்னாடியே சொல்லல? கண்ணி அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கான்னு கேட்டு அனுப்பினேனே."

"இல்லன்னு சொன்னோம். எங்களை யாரும் கட்டுப்படுத்தல. நாங்களாத்தான் போடறதில்ல."

அந்தக் கேள்வியை அன்று சொல்லுக்குச் சொல் மாறாமல் கரைக்குக் கொண்டுபோனவள் தூதுக்காரிதான். ஒரு சொல்லைக் கூட்டினாலும் சந்தேகப்படுவார்கள் என்று பயந்து, கிளிப்பிள்ளை மாதிரி கேட்டுவிட்டுக் கிளிப்பிள்ளை மாதிரி திரும்பினாள். ஒரு வருஷச் சண்டைக்குத் தன் வாயும் காரணம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதையும் விளக்கத்தில் சேர்த்துச் சொன்னாள்.

பதினொன்று பன்னிரண்டுக்கு நாற்காலி காய்ந்துபோயிற்று. கதவோரம் நின்ற கடைநிலை ஊழியர், "சார், ஒரு உறுப்பினர் எழுந்து போயிட்டாங்க" என்றார். செயலர் விதிப்புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

பாதியில் போனதற்கு விளக்கம் கேட்டுக் கடலுக்கு அனுப்பிய கடிதம், முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. செயலருக்கு மாற்றல் ஆயிற்று. பதினான்காவது கூட்டத்தில், முழு ஏற்றத்தில், மூடும் தேதியும் திறக்கும் தேதியும் போட்டு நாலு மாதத்துக்குத் தீர்மானம் நிறைவேறியது. கூண்டுகள் வேறெங்கோ போயின. கடல் படகுக்காரர்களின் ஆள் என்று மேலாளர் இன்றும் சொல்கிறார். படகுக்காரர்களுக்கும் அது யார் ஆள் என்று நிச்சயமில்லை. கூட்ட நேரத்தை மட்டும் ஓதத்தைப் பார்த்துக் குறிக்கிறார்கள்.

வளைகுடாவைத் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அண்ணன் தங்கையின் வீட்டுக்கு வந்தார். கொடுத்த நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"அன்னிக்கு நடிச்சேன், சரி. ஆனா ஒண்ணு நிஜமாவே புரியல. அடுத்த வருஷம் இந்தத் திறக்கிற தேதியை அடிச்சிட மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

விளக்குவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் அதை விளக்கப் பார்க்கவில்லை.

"நிச்சயம் இல்லண்ணே" என்றாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சொன்னதில் அண்ணன் அப்படியே நம்பியது அந்த ஒன்றைத்தான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மறுநாள் கூட்டம் ஓதப்படி மதியம் இரண்டு மணிக்கு. இருவரும் சேர்ந்தே மாடிப்படி ஏறினார்கள். கடல் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தது.