நூல் கட்டாத தொடை

வால்திமார் கார் டிக்கியில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தார். தோரா கறுப்பு உடைக்கு மேல் கணவனின் பிசுக்கேறிய கோட்டை மாட்டிக்கொண்டு, புகைக்கொட்டகைக்குள் ஏணியில் நின்று ஆட்டுத் தொடைகளை ஒவ்வொன்றாகக் கொக்கியிலிருந்து கழற்றினாள். மத்தியானம் அவள் கணவன் கிசூருக்கு அடக்கம். அதற்காகத்தான் வால்திமார் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரென்று நினைத்து அவள் வாசலுக்குப் போய்க் கை கொடுத்திருந்தாள். "ரொம்ப வருத்தமா இருக்கு தோரா" என்று அவரும் பிடித்தார். பிடித்த கையை விடாமலே அடுத்ததைச் சொன்னார்.

"எப்படியும் இவ்வளவு தூரம் வந்தாச்சு. என் சரக்கையும் எடுத்துட்டுப் போயிடறேனே. கிறிஸ்மஸுக்கு முன்னாடி மறுபடியும் பனியில வண்டி ஓட்டிட்டு வர முடியாது பாருங்க."

சாவு வீட்டில் நின்றுகொண்டு சரக்கு என்கிறார் மனுஷன். தோரா பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியை எடுத்தாள்.

ஆகுரேய்ரி நகரத்தில் பொறியாளர் அவர். தன் வீட்டுக்கு மட்டுமல்ல, அலுவலகத்தில் பாதிப் பேருக்குச் சேர்த்து வாங்குவார். முழு ஆட்டுக்குட்டியாகத்தான் எடுப்பார். அறுத்து, துண்டு போட்டு, ஆட்டுக்கு ஒரு பெட்டியாக உறைய வைத்தது கொஞ்சம். கிறிஸ்மஸுக்குப் புகை போட்ட தொடைகள் கொஞ்சம். "நடுவுல கடைக்காரனே கிடையாது, நேரா பண்ணையிலேருந்து" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். ஏதோ ஆட்டுக்குப் பிரசவம் பார்த்ததே அவர்தான் என்பதுபோல இருக்கும் அந்தப் பேச்சு.

பெட்டிகள் ஏற்கெனவே காரில் ஏறிவிட்டன. இப்போது தொடைகள். கிசூர் எதையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறத்தில் கம்பளி நூல். வாக்குக் கொடுத்ததும் தொடையின் கணுவில் நூலைக் கட்டிவிடுவார். கட்டிவிட்டால் அது அவர்களுடையது. ராஜாவே வந்து கேட்டாலும் கிடையாது. வால்திமாருக்கு நீலம். தோரா நீல நூலை மட்டும் பார்த்துப் பார்த்து இறக்கினாள்.

கடைசியாக ஒன்று மட்டும் தனியே தொங்கியது. அதில் நூல் இல்லை. ஒவ்வொரு வருஷமும் நூல் கட்டாமல் ஒன்றை விட்டு வைப்பார் கிசூர். அது வீட்டுக்கு என்று பேர். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அது வீட்டுக்கு வந்ததே இல்லை. கடைசி வாரத்தில் யாராவது போன் பண்ணி, இன்னும் ஒன்று கிடைக்குமா என்பார்கள். கிசூர் தோராவைத் திருட்டு முழி முழித்துப் பார்த்துவிட்டு நூலைத் தேடுவார். வீட்டுக்குக் கிழட்டு ஆட்டின் கறிதான். நல்லதையெல்லாம் ஊருக்கு விற்றுவிட்டுத் தேய்ந்த பல்லோடு இருக்கும் கிழத்தைத் தானும் பெண்டாட்டியுமாக மென்றுகொண்டிருந்த மனுஷன். அவர் போன பிறகு அந்த நூல் கட்டாத தொடையை அவள் ஒன்றுக்காக வைத்திருந்தாள். அடக்கத்துக்குப் பிறகு மண்டபத்தில் காபியும் தட்டை ரொட்டியும் வைப்பார்கள். ரொட்டிமேல் புகைக்கறி சீவி வைப்பது வழக்கம். அன்றைக்காவது அது கிசூரின் கறியாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

"அதையும் குடுத்துடுங்க" என்றார் வால்திமார்.

"அதுல நூல் இல்லையே."

"போன்ல சொன்னேனே கிசூர்கிட்ட. இந்த வருஷம் ஒண்ணு சேத்து வேணும்னு. சரின்னாரு. கட்ட மறந்திருப்பாரு, பாவம்."

"எப்பச் சொன்னீங்க?"

"போன மாசம். இல்ல, அதுக்கும் முன்னாடி."

அவர் கண்ணிமைக்காமல் நின்றார். செத்தவர் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. பொய் என்றுதான் தோராவுக்குத் தோன்றியது. ஆனால் கிசூர் யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர், அதுவும் அவளுக்குத் தெரியும். ஒருவேளை வாக்குக் கொடுத்திருந்தால்? புதைக்கிற அன்றைக்கே அவர் வாக்கைப் பொய்யாக்கியவள் என்று இருக்க அவளுக்கு மனம் வரவில்லை. தொடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அவர் கார் தேவாலயத்தைப் பார்த்துப் போன பிறகு ஏணியை ஆத்திரத்தோடு சுவரில் சாத்தினாள்.

அந்தக் கொட்டகையில்தான் கிசூரின் உயிர் போனது. பத்து நாளைக்கு முன்னால், தொடைகளுக்கு இரண்டாம் முறை புகை போட்டுக்கொண்டிருந்த நேரம். காபிக்குக் கூப்பிட வந்தவள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைத் தூங்குகிறார் என்று நினைத்து அதட்டினாள். இதயம் நின்றுவிட்டது. ஆட்டுப் புழுக்கை வறட்டி அடுக்கிய நெருப்பு மட்டும் கொழுந்து விடாமல், அணையாமல், அவர் வைத்தபடியே புகைந்துகொண்டிருந்தது.

அடக்கம் நடத்திய பாதிரியார் நகரத்துப் பையன். நல்ல மேய்ப்பன், நல்ல மேய்ப்பன் என்று நாலு தடவை சொன்னார். கிசூர் ஆடுகளைத் திட்டுகிற திட்டை ஒருநாள் கேட்டிருந்தால் அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது. உறைந்த மண்ணில் பெட்டியை இறக்கிவிட்டு எல்லோரும் பக்கத்து மண்டபத்துக்கு நடந்தார்கள்.

மண்டபச் சமையலறையில் கிசூரின் தங்கை டாக்னி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளத்தாக்கின் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி அவள். சாவு வீட்டுக் காபி எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. தட்டுகளில் கடைக்கறி. மரத்தூள் புகையில் வாட்டி, வலைக்குள் உருட்டி, ரோஜா நிறத்தில் வழுவழுவென்று வருமே, அது. ஒருகாலத்தில் ஒவ்வொரு வீடும் தன் கறியைக் கொண்டுவந்து, யார் கறி உசத்தி என்று காபி மேசையிலேயே சண்டை வந்து, இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதிலிருந்து இப்படியொரு முடிவு. அடக்கத்தன்று எந்தப் பண்ணையின் கறியும் மண்டபத்துக்குள் வரக் கூடாது. எல்லோருக்கும் கடைக்கறி. எல்லோருக்கும் ஒரே மட்டம்.

முந்தாநாள் போனிலேயே தோரா சொல்லியிருந்தாள். "நான் எங்களுதைக் கொண்டு வருவேன்."

"வேணாம் அண்ணி" என்றிருந்தாள் டாக்னி. "உங்களுக்குன்னு மாத்தினா நாளைக்கு எல்லாரும் மாத்துவாங்க."

கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தாள் தோரா. இப்போது வெறுங்கையோடு நின்றாள். டாக்னி ஒரு தட்டை அவள் முன் நீட்டினாள். ஆயுசு முழுக்க ஆடு வளர்த்தவனை வழியனுப்பக் கடையில் வாங்கிய கறி. தோரா தொடவில்லை.

வால்திமார் ஜன்னலோரம் நாலு பேரை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கையில் மடித்த ரொட்டி.

"சாப்பிட்டுப் பாருங்க. இதான் கிசூர் கைப்பக்குவம். எந்தக் கடையில கிடைக்கும் இது? உப்பைப் பாருங்க, இருக்கா இல்லையான்னே தெரியல. அந்த அளவு அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்."

சுற்றி நின்ற பள்ளத்தாக்கு ஆட்கள் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். கிசூரின் கறியைச் சாப்பிட்டவன் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளாமல் உட்கார மாட்டான் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். தோராவுக்கும் அவருக்கும் வருஷா வருஷம் நடந்த சண்டையே அதுதான். உப்பைக் குறையுங்களேன் என்பாள். தண்ணி குடியேன் என்பார்.

தோராவுக்கு ரத்தம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் பெட்டி பெட்டியாக வாங்கிப்போன நாக்கு இது. இந்த நாக்குக்காகவா கிசூர் நல்ல குட்டிகளையெல்லாம் ஒதுக்கி நீல நூல் கட்டினார்? இந்த வாயா போனில் கேட்டேன், சரியென்றார் என்று சொன்னது?

கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனாள். அந்தப் பக்கத்தில் யாரும் காரைப் பூட்டுவதில்லை. டிக்கியைத் திறந்து, செய்தித்தாளை விலக்கி, நூல் இல்லாததைக் கையாலேயே தடவி எடுத்தாள். நிமிர்ந்தபோது வால்திமார் ரொட்டியும் கையுமாகப் பனியில் சறுக்கிக்கொண்டே வந்தார்.

"தோரா, அது என்னோடது."

"நூல் எங்க?"

"அதான் சொன்னேனே, மறந்துட்டாருன்னு."

"என் பொறந்த நாளை வருஷா வருஷம் மறந்தாரு. உங்க பேரைக்கூட ரெண்டு தடவை மாத்திச் சொன்னாரு. நூல் கட்ட மறந்ததே இல்ல."

"பணம் வேணும்னா இப்பவே போட்டு விடறேன். நின்ன இடத்துலேயே."

"வேணாம். அதான் உள்ள சாப்பிட்டீங்களே கிசூர் கைப்பக்குவம். எப்படி இருந்துச்சு?"

"பிரமாதமா இருந்துச்சு. அதைத்தானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்."

"உங்க ஊர் சூப்பர் மார்க்கெட்ல வாங்கினது அது. டாக்னியைக் கேளுங்க."

வால்திமார் கடித்த ரொட்டியைத் தின்னவும் முடியாமல் எறியவும் முடியாமல் நின்றார். தோரா டிக்கியை அறைந்து சாத்திவிட்டு, தொடையைப் பிள்ளையைப் போல் தோளில் சாய்த்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். இரண்டு முறை புகை போட்டது, வேகவைக்கத் தேவையில்லை. மேசையில் வைத்துக் கத்தியைத் தேடினாள்.

டாக்னி குறுக்கே வந்து நின்றாள். "அண்ணி, சங்கத்து முடிவு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நாளைக்குப் பக்கத்துப் பண்ணை ஓலாவ் வீட்டுல ஒரு சாவு விழுந்தா அவங்களும் தூக்கிட்டு வருவாங்க. பழைய சண்டை மறுபடி ஆரம்பிக்கும்."

"ஆரம்பிக்கட்டும். கத்தியைக் குடு."

டாக்னி கொடுக்கவில்லை. மற்றப் பெண்கள் காது கொடுத்துக்கொண்டே கோப்பை கழுவினார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் டாக்னி அடுத்ததைச் சொன்னாள்.

"எங்கண்ணன் செத்துக் கிடக்கறப்ப, பக்கத்துல நெருப்புக்கு வறட்டி வெச்சுப் பக்குவம் பண்ண கறிதானே இது?"

பத்து நாளாக இந்தப் பேச்சு முதுகுக்குப் பின்னால் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போதுதான் முகத்துக்கு நேரே வந்தது. தோராவுக்கு அதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது.

"ஆமா, வெச்சேன்" என்றாள். "ஆம்புலன்ஸ் மலையைச் சுத்தி வரணும். அவர் கண்ணை மூடிவிட்டேன். முகத்தைத் தொடைச்சேன். கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். நெருப்பு அணையப் போச்சு. மேல அத்தனை வீட்டுக்காரங்களோட தொடையும் தொங்குது, எல்லாத்துலயும் அவர் நூல் கட்டியிருக்கார். நீ அவர் தங்கச்சி. நீயே சொல்லு. அவர் எழுந்திருச்சிருந்தா முதல்ல என்ன பண்ணியிருப்பார்?"

டாக்னி குறுக்கே நின்ற இடத்திலிருந்து ஒரு அடி விலகினாள்.

"அன்னைக்கு மட்டுமில்ல. இந்தப் பத்து நாளும் ராத்திரி எழுந்து எழுந்து நாந்தான் வறட்டி வெச்சேன். அதையும் போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

யாரோ குழாயை மூடினார்கள். டாக்னி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். இழுப்பறையைத் திறந்து, நீளக் கத்தியை எடுத்துப் பிடியை அண்ணியின் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு முதல் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ரொட்டிகள் மேலிருந்த ரோஜா நிறக் கறியை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கிண்ணத்தில் போட ஆரம்பித்தாள்.

தோரா சீவினாள். வெளியே கறுத்து, உள்ளே ரத்தச் சிவப்பு. ஒளி தெரிகிற மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும் என்பார் கிசூர். டாக்னி வாங்கி வாங்கி ரொட்டியில் வைத்தாள்.

தட்டுகள் கூடத்துக்குள் போவதற்கு முன்னால் வாசனை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வறட்டிப் புகையின் அந்தக் காரம். பேச்சு ஒவ்வொரு மேசையாக நின்றது. சற்று நேரம் மெல்லுகிற சத்தம் மட்டும் சமையலறை வரைக்கும் கேட்டது. பிறகு ஓலாவின் கரகரத்த குரல்.

"தண்ணி எங்கம்மா வெச்சிருக்கீங்க?"

மண்டபமே சிரித்தது. அன்றைக்கு அங்கே கேட்ட முதல் சிரிப்பு. ஒரு பெண் இரண்டு ஜாடிகளை நிரப்பிக்கொண்டு ஓடினாள். கிசூரின் பெயர் அப்போதுதான் மேசைக்கு மேசை எழுந்தது. அவர் எந்த ஆட்டை எப்படித் திட்டுவார், யாருக்கு என்ன நிற நூல் என்று ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே வால்திமாரின் கார் நீல நூல் தொடைகளோடு பாதையில் ஏறிப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

தட்டுகள் காலியாகத் திரும்பி வந்தன. அப்போதுதான் தோராவுக்குத் தோன்றியது, தான் ஒரு துண்டும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை என்று. இந்த வருஷமும் வீட்டுக்கு இல்லை. மேசைமேல் எலும்பு மட்டும் கிடந்தது. கத்தி நுனியால் கணுவோரம் சுரண்டினாள். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துணுக்கு வந்தது. நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டாள்.

உப்பு தூக்கல்தான்.

டாக்னி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினாள். தோரா வேண்டாமென்று தலையசைத்துவிட்டு மெதுவாக மென்றுகொண்டிருந்தாள்.