குரங்குகளுக்கு விரதமில்லை

தலைக்குக் குளித்துவிட்டுத் தண்ணீர்ப் பீலியிலிருந்து பிரேமலதா திரும்பியபோது, மாமியார் மூக்காயி மகனின் பாயைச் சுருட்டி இஸ்தோப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் ஒரே அறை. முன்னால் திறந்த திண்ணையாக இஸ்தோப்பு. விரதம் தொடங்கினால் சுதாகரனுக்கு இடம் அங்கேதான்.

“இந்த மொறையும் தங்கலேன்னா, தையில றக்வானைக்குப் போயி என் தம்பி மகள இவனுக்குக் கேட்டுருவேன். அப்புறம் என்னயக் கொற சொல்லக் கூடாது,” என்றாள் மூக்காயி.

சுதாகரன் ரப்பர் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அம்மா வாய் திறந்தால் அவன் கத்திக்குக் கூர் போதாமல் போய்விடும்.

கல்யாணமாகி மூன்று வருஷம். பிள்ளை வரத்துக்கு விரதம் சொன்னவர் தோட்டத்துப் பூசாரி சின்னத்தம்பி. தீட்டு நாட்களில் மருமகள் பின்புறத்து விறகுக் கொட்டிலில் கிடக்க வேண்டும். தலைக்குக் குளித்ததிலிருந்து இரண்டு வாரம் ஒரு நேரச் சாப்பாடு. புருஷன் கைகூடப் படக் கூடாது. அதன்பிறகு சேர்ந்திருப்பார்கள். கொஞ்ச நாளில் மறுபடி தீட்டு வந்துவிடும். சாமி இன்னும் இரங்கவில்லை என்று மூக்காயி விரதத்தை இன்னும் கடுமையாக்குவாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் பிரேமலதாவுக்குப் புது வேலை ஒன்று கிடைத்திருந்தது. தோட்டத்தை ஒட்டிய காட்டில் குரங்குகளை ஆராய வந்த பல்கலைக்கழகத்துக் கெம்பஸ்காரர்களுக்காகப் பெண் குரங்குகளின் பின்னால் அலைந்து, அவை போடும் பீயைப் போத்தலில் எடுத்துக் கொடுக்கிற வேலை. கொழுந்து பறிப்பதைவிடச் சம்பளம் கூட. அதனால் தீட்டு நாட்களில்கூட அந்த வேலைக்குப் போகலாம் என்று மூக்காயி அனுமதித்திருந்தாள். வீட்டுக்குள்தான் வரக் கூடாது.

அவர்களோடு வந்திருந்த கெம்பஸ் மாணவி டிலானி, பெல்மதுளைக் கடைக்காரர் ஒருவரின் மகள். பாய் வெளியே போன அந்த வாரம், போத்தலை மூடிக்கொண்டே பிரேமலதா அவளிடம் கேட்டாள்.

“இதுல அப்பிடி என்னதான் இருக்கு தங்கச்சி?”

“ஓமோன் இருக்குக்கா, ஒடம்புல சுரக்கிற நீர். ரத்தம் நின்ன பொறகு ஒரு ஓமோன் கூடிக்கிட்டே போகும். நடு நாள்ல முட்ட வெளிய வரும். அதையொட்டின நாள்ல சேந்தாத்தான் குட்டி. அப்புறம் வேற ஓமோன் கூடும். கரு தங்கலேன்னா அது கொறஞ்சு, மறுபடி ரத்தம் வந்துரும்.”

“குரங்குக்குமா மாசாமாசம்?”

“ஆமாக்கா. இந்த விஷயத்துல அதுகளுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.”

பிரேமலதா விரல்விட்டு எண்ணினாள். நம்ப முடியாமல் திரும்பவும் எண்ணினாள். நடு நாட்கள் மொத்தமும் விரதத்துக்குப் போயிருந்தன. மூன்று வருஷமாக மலடி என்று வாங்கிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து, ஆத்திரத்தில் கண் கலங்கியது. தலைக்கு மேல் கிளையில் ஒரு குரங்கு ஜோடி, எந்தப் பூசாரியையும் கேட்காமல், தன் காரியத்தில் இருந்தது.

அன்றே ரப்பர் மலைக்குப் போய்ச் சுதாகரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “நாளைக்கு மத்தியானம் காட்டோரத்துல கெம்பஸ்காரங்க போட்டிருக்கிற கொட்டிலுக்கு வாங்க. அங்க யாரும் இருக்க மாட்டாங்க.”

“விரதத்துலயா? சாமி கண்ணக் குத்தும் பிரேமா!”

“சாமிய நான் பாத்துக்கிறேன். நீங்க ஒங்கம்மாவப் பாத்துக்குங்க.”

அவனுக்குச் சாமியைவிட அம்மாவிடம்தான் பயம். ஆனாலும் வந்தான். மறுநாள் சொல்லாமலே வந்தான்.

அடுத்த மாதம் தீட்டு வரவில்லை. மூக்காயி கோயிலில் பொங்கல் வைத்தாள். பூசாரிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தாள். தோட்டம் முழுக்க விரதத்தின் மகிமையைப் பரப்பினாள். பக்கத்துக் காம்பராவில் கிருஷ்ணகுமாரிக்கும் பிள்ளை இல்லை. அவளுக்கும் விரதம் என்று முடிவானது. அவள் புருஷனின் பாயை இஸ்தோப்புக்கு இழுக்க மூக்காயியே ஒத்தாசைக்குப் போனாள். பூசாரியோடு லயமே கூடி நின்றது.

“என் மருமகளப் பாருங்க. விரதத்துல உண்டானவ!”

எல்லோரும் பிரேமலதாவைப் பார்த்தார்கள். பேசாமல் நின்றிருந்தால் அவளுக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

“இல்ல அத்த. விரதத்த முறிச்சதாலதான் உண்டாச்சு. நடு நாள்ல சேந்தாத்தான் தங்கும்னு கொரங்கு வேலையில கத்துக்கிட்டு, நீங்க பாய வெளிய போட்ட நாள்லதான் காட்டோரத்துக் கொட்டில்ல நாங்க சேந்திருந்தோம்.”

சுதாகரன் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாம்மா,” என்றான்.

மூக்காயி கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அப்பிடி முறிச்சும் குடுத்திருக்குன்னா, அந்தச் சாமிக்கு எம்புட்டு எரக்கம் பாருங்க!”

பூசாரியும் தலையாட்டினார். கிருஷ்ணகுமாரி புருஷனின் பாய் இஸ்தோப்புக்குப் போனது.

மறுநாள் பீலியில் கிருஷ்ணகுமாரி குடத்தை வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“அக்கா, அந்தக் குரங்கு வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கிறாங்களா?”