ஏழுக்கு ஒன்று

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதையில் வரும் தலைமையாசிரியர் என் வீட்டுக்காரர். அதை மறைத்துத்தான் மூன்று முறை ஆரம்பித்துப் பார்த்தேன்.

'விகிதம் என்பது இரண்டு அளவுகளை...' (தூங்கிவிடுவீர்கள். அடித்துவிட்டேன்.)

'மேகம் கவிந்த அந்தக் காலையில்...' (வெயில் மண்டையைப் பிளந்ததாம். மகள் சொல்கிறாள். அந்த ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். எனக்குக் கதை வந்ததும் அவள் வாய்வழியாகத்தான்.)

மூன்றாவதைப் பற்றிப் பேசாமல் இருப்போம்.

2

கணக்கு டீச்சர் வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம். அன்றைய பாடத்தைத் தலைமையாசிரியர் பார்த்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். டீச்சர் துடைத்த கரும்பலகையையே இன்னொரு முறை துடைத்தாள்.

(இங்கே அவளுக்குப் படுத்த படுக்கையாக ஒரு அம்மாவைக் கொடுத்திருந்தேன். இரக்கத்தை இப்படிப் பிடுங்குவது எனக்கே கூச்சமாக இருந்தது. அம்மா நலம்.)

ஒரு தம்ளர் பழச்சாற்றுக்கு மூன்று தம்ளர் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். சாறு இரண்டானால் தண்ணீர் ஆறு, ருசி மாறாது. பிள்ளைகள் தலையாட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

"இப்ப உங்க வீட்லேர்ந்து ஒரு விகிதம் சொல்லுங்க பாப்போம்."

என் மகள் எழுந்தாள். "காலைல அம்மா ஏழு வேலை செய்வாங்க டீச்சர். அப்பா பூஜ்யம்."

3

வகுப்பு மொத்தமும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது.

"என்ன பூஜ்யம்?" தலைமையாசிரியர் எழுந்தேவிட்டார். "பால் பாக்கெட்ட யாரு உள்ள எடுத்து வைக்கிறா? பேப்பரு தானா நடந்து வருதா? ரெண்டுன்னு போடுங்க டீச்சர்!"

"அப்ப அந்த மாதிரி பொடி வேலையெல்லாம் அம்மாவுக்கும் சேக்கணும்." மகள் விரல்விட்டு எண்ணினாள். விரல் போதவில்லை. "பதினாலு."

டீச்சரின் கை டஸ்டர் பக்கம் போனது. 'வேற யாராவது சொல்லுங்க' என்று ஒரு வார்த்தை போதும், தப்பித்துவிடலாம். ஆனால் முன்வரிசையில் அதற்குள் நாலைந்து பேர் நோட்டில் கணக்குப் போடத் தொடங்கியிருந்தார்கள். வருடம் முழுக்க அதட்டியும் தானாகப் பென்சிலை எடுக்காதவர்கள். அவள் டஸ்டரை விட்டுவிட்டு 14 : 2 என்று பெரிதாக எழுதினாள்.

"சுருக்குங்க."

"ஏழுக்கு ஒண்ணு!" முப்பது தொண்டைகள் கூரையைத் தூக்கின.

"சார், விடை சரிதானே?" என்றாள் டீச்சர். சாக்பீஸ் அவள் விரலுக்குள் ஒடிந்தது.

அவர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "'பாடம் புரிந்ததா'ன்னு ஒரு கட்டம் இருக்கு. யாருக்குன்னு போடலையே."

மணி அடித்தது. பிள்ளைகளை வெளியே விரட்டிவிட்டார்கள்.

4

முடிவு மகளுக்கும் தெரியாது. அவரைக் கையெழுத்துப் போட வைத்து எழுதிப் பார்த்தேன்: மனுஷர் ஒரே பத்தியில் தங்கமாகிவிட்டார், கூடக் குடித்தனம் பண்ணுகிற நானே நம்பவில்லை. போடாமல் விட்டுப் பார்த்தேன்: அவருக்குச் சோறு போடக் கை வரவில்லை. அவரிடமே கேட்டால், இப்படி ஒன்றை எழுதுவது தெரிந்துபோகும்.

படிவம் அவர் பையில் இருக்கிறது. பை மேசைமேல், ஜிப் பாதி திறந்து. அவர் குளிக்கிறார். நீங்களே எடுத்துப் பாருங்கள்; நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

சீக்கிரம். தண்ணீர் சத்தம் நின்றுவிட்டது.