கன்மேன் வீட்டுத் துப்பாக்கி

இராஜமாணிக்கத்தின் மீசையைக் கடைசியாக ஒருமுறை முறுக்கிவிட்டே தீர வேண்டும் என்று ஜோகுபாளையமே ஒற்றைக்காலில் நின்றது. குளிப்பாட்டி, சந்தனம் பூசி, நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியால் கட்டியாயிற்று. போட்டோக்காரரும் வந்து கேமராவைத் துடைத்துக்கொண்டு நின்றார். மீசை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், மெழுகுவர்த்தியை உருக்கித் தடவிப் பார்த்தார்கள். உயிரோடு இருந்தபோது முனையில் எலுமிச்சம்பழத்தைக் குத்தி நிறுத்தலாம் போலிருந்த மீசை, இப்போது மழையில் நனைந்த சேவல் வாலாட்டம் இரண்டு பக்கமும் தொங்கியது.

"மீச போனாப் போவுது," என்றார் போட்டோக்காரர். "துப்பாக்கிய எடுத்தாந்து கைல குடுங்க. கன்மேன்னு தெரிய வேணாமா?"

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டு, ஆமாம் ஆமாம் என்றார்கள். மாமனாரின் காலருகே உட்கார்ந்திருந்த உஷா மட்டும் தன் முந்தானை முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டாள். முடிச்சுக்குள் பீரோச் சாவி இருந்தது.

அந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை அறியாதவர்கள் அல்சூர்ப் பக்கம் கிடையாது. பட்டாளத்திலிருந்து வந்த கையோடு, குடகில் ஒரு காப்பித் தோட்டக்காரரிடம் இராஜமாணிக்கம் அதை வாங்கினார். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருப்பவனுக்குச் சாதாரண வாட்ச்மேனைப் போல இரண்டு மடங்கு சம்பளம். கமர்சியல் தெருவில் சேஷகிரியின் நகைக்கடை வாசலில் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றே மகனைப் படிக்க வைத்தார், கல்யாணம் பண்ணி வைத்தார். "சம்பளம் துப்பாக்கிக்குத்தாம்மா. நான் அதுகூடக் குடுத்த இலவசம்," என்று உஷாவிடம் சொல்லிச் சிரிப்பார்.

இத்தனை வருஷத்தில் அது வெடித்தது ஒரே ஒரு தடவை. ஓர் ஆயுத பூஜையன்று, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்த உற்சாகத்தில், வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டார். அல்சூர் ஏரிக் காக்கைகள் மொத்தமும் ஓசூருக்குக் குடிபோய்த் தீபாவளிக்குத்தான் திரும்பின. எதிர்வீட்டு மௌரீன் அம்மாளின் செவிட்டு நாய்க்கு அன்றைக்குத்தான் காது திறந்தது. தெருவில் இதை மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. நாயும் மறுக்கவில்லை. மற்றபடி கடைக்குப் போவதும், வீட்டுக்கு வந்து பீரோவுக்குள் சாய்ந்து நிற்பதும்தான் அந்தத் துப்பாக்கியின் பிழைப்பு.

உஷாவின் புருஷன் பிரகாஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"பீரோ சாவி உன்கிட்டயா கீது?"

"இல்லியே. மாமா எங்க வெச்சாரோ."

அப்பனை இழந்து நிற்கிறவனிடம் பொய் சொன்னாள். அவன் தலையணைக்கு அடியில் தேடினான், அப்பாவின் காக்கிச் சட்டைப் பைகளைத் துழாவினான், சாமி படத்துக்குப் பின்னால் கையைவிட்டுப் பார்த்தான். போட்டோக்காரருக்குப் பொறுமை இல்லை. யாரோ மடக்கின கறுப்புக் குடை ஒன்றைக் கொண்டுவந்து இராஜமாணிக்கத்தின் கையில் செருகினார்கள். படம் எடுத்தாயிற்று. அந்தப் பிராந்தியத்துத் திருடர்களையெல்லாம் எதிர்ச் சாரியிலேயே நடக்க வைத்த மனிதர், மழைக்குப் பயந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல அதில் விழுந்தார்.

உஷா அந்தச் சாவியைக் கேட்டு வாங்கவில்லை. அது அவள் கைக்கு வந்ததே வேறு மாதிரி.

பிரகாஷ் வேலை பார்த்த ஃபேன் கம்பெனியை மூடிய வருஷம் அது. முதல் இரண்டு மாதம் வேலை தேடினான். பிறகு தேடுகிறவன் மாதிரி வெளியே போய்வந்தான். பிறகு அதுவும் இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டான், படு என்றால் படுத்தான். ஒருநாள் மத்தியானம் உஷா வேலைசெய்யும் கார்மென்ட்ஸில் கரண்ட் போய், சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால், பீரோ திறந்திருக்கிறது. பிரகாஷ் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். துப்பாக்கியின் வாய் அவன் தாடைக்குக் கீழே இருந்தது.

அவளுக்குப் பின்னால் நிழல் விழுந்தது. கடைக்கு அன்று வார விடுமுறை. டீ குடிக்கப் போன மாமனார் திரும்பி வந்து, வாசலில் அப்படியே நின்றிருந்தார். அந்த மீசையும் அந்த உடம்புமாக அவர் ஒரு சத்தம் போட்டால் பக்கத்துத் தெரு அதிரும். அவர் போடவில்லை. உப்பு கொடு என்று கேட்பது போலக் கேட்டார்.

"தொடச்சு முடிச்சியாடா? குடு."

பிரகாஷ் எழுந்து வந்து கொடுத்தான். அவ்வளவுதான். அதைப் பற்றி அந்த வீட்டில் அப்புறம் ஒரு வார்த்தை எழவில்லை. அன்று சாயங்காலம் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த உஷாவின் மடியில் சாவியைப் போட்டுவிட்டு, "நான் கேட்டா மட்டும் குடும்மா. இந்த வருஷம் ஓட்டிட்டு, வித்துடலாம்," என்றார் மாமனார். அவர் சொன்ன வருஷம் முடிய இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது. நேற்றுக் கடை வாசலில் நின்றவர் நின்றபடியே சரிந்துவிட்டார். துப்பாக்கியைக் கடைப் பையன்கள் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அழுகைக்கு நடுவே அதை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டியவள் உஷாதான்.

சேஷகிரி வந்தார். அவர் கொண்டுவந்த ரோஜா மாலையைத் தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. போட்டதும் இராஜமாணிக்கம் மூக்குவரை மறைந்துபோனார். முதலாளி நிஜமாகவே அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிரகாஷின் கையைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"உங்கப்பா எடம் உனக்குத்தாம்ப்பா. வேற ஆள பாக்கமாட்டேன். கன்ன உன் பேருக்கு மாத்திக்கோ, மறுநாளே டியூட்டி. கன் இல்லாம மட்டும் வெச்சுக்க முடியாது, இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கமாட்டான். ஆயித்தா, சரியா?"

கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. செத்தும் பிள்ளைக்கு வழி பண்ணிவிட்டார் என்றார்கள். உஷா யாரையும் பார்க்கவில்லை, புருஷனின் முகத்தைத்தான் பார்த்தாள். மாதக்கணக்கில் அணைந்து கிடந்த முகத்தில் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. அவன் கை, தானாகவே சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டது. முதுகு நிமிர்ந்தது. இராஜமாணிக்கத்தின் மகன்தான் என்று சொல்லும்படி நின்றான்.

அவள் விரல்கள் முந்தானை முடிச்சைத் தேடிப்போய்விட்டன. கொடுத்துவிடலாம். வேலைக்குப் போனால் இவன் மனுஷனாகிவிடுவான். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நாலு பேர் சலாம் வைக்க நின்றால், அந்த மத்தியானம் அவனுக்கே மறந்துபோகும். பாதி முடிச்சை அவிழ்த்தும்விட்டாள். அப்போதுதான் அவன் சொன்னான்.

"கன் வீட்லதான் சார் கீது. நானே பாத்துக்கறேன். என் பக்கத்துலயே வெச்சுக்கறேன்."

உஷா முடிச்சை மறுபடி இறுக்கினாள்.

தமட்டை முழங்க, பூவை வாரி இறைத்துக்கொண்டு கல்பள்ளி இடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும்தான். அங்கே நின்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டுத் திரும்பிவந்து, ஆண்கள் வருவதற்குள் வீட்டைக் கழுவிவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் குடத்தோடு குழாயடிக்கு ஓடினார்கள். உஷா துடைப்பத்தைத் தொடவில்லை. பீரோவைத் திறந்து, துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றி, போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க லைசென்சையும் செருகிக் கட்டிவிட்டுத் திரும்பினாள்.

எதிரே மாமியார் தனக்கோடி நின்றாள். நேற்றிலிருந்து வந்தவர்களையெல்லாம் கட்டிக்கொண்டு, வானமே இடிந்து விழும்படி ஒப்பாரி வைத்தவள். இப்போது தொண்டையில் காற்றுதான் மிச்சம் இருந்தது. உஷா மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். தனக்கோடி அவளைத் தாண்டிப் போய், கேழ்வரகு மாவு டின்னுக்குள் முழங்கை வரை கையைவிட்டு, ஒரு துணிப்பையை எடுத்தாள். மாவை ஊதித் தட்டினாள்.

"தோட்டாவ வுட்டுட்டுப் போறியே."

உஷா விழித்தாள். "இது... உங்ககிட்டயா இருந்திச்சு அத்தே?"

"உங்க மாமா குடுத்து வெச்சாரு. யாரு கேட்டாலும் குடுக்காதன்னாரு." தனக்கோடி மூட்டையைப் பார்த்தாள். "சாவி உன்கிட்ட இருந்திச்சா?"

"ஆமா."

மாமனார் ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தியைக் காவலுக்கு வைத்திருந்தது இரண்டு பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஒரே அடுப்பில் ஆக்கி, ஒரே பாயில் படுத்து, இத்தனை மாதம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் இருந்திருக்கிறார்கள்.

"நட. நானும் வரேன். உன் பேச்ச ஸ்டேஷன்ல எவன் கேப்பான்?"

புருஷனைத் தூக்கிப்போய்த் தெரு தாண்டவில்லை, பொண்டாட்டி ஆட்டோ ஏறிவிட்டாள் என்று ஜோகுபாளையம் இன்னும் பத்துத் தலைமுறைக்குப் பேசும். நெற்றியில் ரூபாய் அகலக் குங்குமமும், தலைகொள்ளாத மல்லிகையும், கை முழுக்கக் கண்ணாடி வளையலுமாகக் கடைசியாக அலங்காரம் பண்ணி விட்டிருந்தார்கள் தனக்கோடிக்கு. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, எந்தக் கல்யாண மண்டபம் என்று கேட்டார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த போர்வை முனையைப் பார்த்து, அது என்ன என்றும் கேட்டார். கட்டில் கம்பி என்றாள் உஷா. கல்யாணத்துக்குக் கட்டில் கொடுப்பது நல்ல வழக்கம் என்று அவர் பாராட்டிக்கொண்டே வந்தார். பின்னால் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள் கோவிந்தப்பா தனக்கோடியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் துப்பாக்கியை ஒப்படைக்க இராஜமாணிக்கம் அவரிடம்தான் வருவார்.

"ஏனம்மா இது? பாடி எடுத்தாச்சா?"

"இப்பத்தான்."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். காரியம் எல்லாம் முடித்துவிட்டு நிதானமாக வந்திருக்கலாமே, யார் கேட்கப்போகிறார்கள் என்றார். போர்வையைப் பிரித்துப் பார்த்தார். மனசு கேட்காமல் ஒருமுறை தோளில் வைத்தும் பார்த்தார். மகன் பேருக்கு மாற்ற வேண்டியதைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். "விக்கறதுன்னா டீலர் இரும்பு வெலதான் குடுப்பான், தாயி. இந்த மாதிரி மால் இனிமே சிக்காது. மகன் வெச்சுக்கட்டும்."

உஷா வாயைத் திறந்தாள். என்ன சொன்னாலும் அது பிரகாஷைப் பற்றியதாக இருக்கும். ஸ்டேஷனில் சொன்னது ஸ்டேஷனோடு நிற்காது, சாயங்காலத்துக்குள் தெருவுக்கு வரும், தெருவிலிருந்து அவன் காதுக்குப் போகும். வாயை மூடிக்கொண்டாள்.

"விக்கணும்," என்றாள் தனக்கோடி.

"யாக்கே? ஏன் விக்கணும்?"

சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, விலங்கு மாட்டிய ஒருவன் கொட்டாவி விட்டான். தனக்கோடி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி வளையல்கள் மரத்தில் மோதிக் கிணுகிணுத்தன.

"அவரு போயிட்டாரு. மிச்சம் இருக்கறது ஒரே பையன்."

கோவிந்தப்பா அவளைப் பார்த்தார். உஷாவைப் பார்த்தார். கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். அதற்கப்புறம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தானே உள்ளே கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார். டீ சொன்னார். சாவு வீட்டுக்காரர்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்து டீ குடிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத இரண்டு பேரும் குடித்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது பெண்கள் வீட்டைக் கழுவி முடித்து, வாசலில் விளக்கை ஏற்றிவைத்து, இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்கள். தனக்கோடி அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். சற்று நேரத்தில் ஆண்கள் வந்தார்கள். பிரகாஷ் ஈர வேட்டியும் மழித்த தலையுமாக விளக்கைக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தான். பீரோக் கதவு திறந்தபடி கிடந்தது.

"அம்மா, துப்பாக்கி எங்க?"

"ஸ்டேஷன்ல குடுத்துட்டேன். வித்துடச் சொல்லிட்டேன்."

"சேஷகிரி சார் வேல குடுக்கறேன்னாரே."

"காதுல வுழுந்திச்சு."

"அப்பறமும் குடுத்தியா?"

தனக்கோடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் உஷாவைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தாள். கத்தட்டும். திங்கட்கிழமையிலிருந்து ஓவர்டைம் கேட்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"ரெண்டு பேருமா போனீங்க?" என்றான் மெதுவாக.

"ஆமா."

மழித்த தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. பிறகு, அதுவரை யாரோ பிடித்து நிறுத்தியிருந்த ஆளைப்போலச் சரிந்து உட்கார்ந்து, கழுவின ஈரத் தரையிலேயே, வாசற்படிக்குக் குறுக்காகப் படுத்துவிட்டான். கையை மடக்கி முகத்தை மூடிக்கொண்டான். தோள் கொஞ்ச நேரம் குலுங்கியது. அப்புறம் மூச்சு நீண்டது. பெற்றவரைப் புதைத்துவிட்டு வந்தவன் குறட்டை விடத் தொடங்கினான். உஷா அந்தச் சத்தத்தைக் கேட்டு மாதக்கணக்கு ஆகியிருந்தது.

வெளியே நின்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். உள்ளே வரவேண்டியவர்களுக்கு வழியில்லை. பக்கத்து வீட்டு சரளா, அடுப்பு மூட்டாத வீட்டுக்கென்று ரசஞ்சோறு வடித்துக்கொண்டு வந்து, அவனை எழுப்பக் குனிந்தாள். உஷா வேண்டாம் என்று தலையாட்டினாள். அவனுக்கு மேலாகக் கையை நீட்டிச் சட்டியை வாங்கினாள்.

சட்டியின் அடி நன்றாகச் சுட்டது. கீழே வைத்தால் தரையில் உரசிச் சத்தம் எழும். உஷா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.