முன்சீட்டு

கீழே திருத்தணி மலை சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. பின்சீட்டிலிருந்த கஜபதி விமானத்தைப் பதமாகத் திருப்பி இறக்கிக்கொண்டிருந்தான். முன்சீட்டில் இருந்த வாத்தியார் நசருல்லாவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, பையன் ஏதாவது தப்புச் செய்யமாட்டானா என்று காத்திருந்தான். சக்கரம் தரையைத் தொட்டதுகூடத் தெரியவில்லை.

"இன்னும் கை படியல," என்றான் நசருல்லா இறங்கியதும்.

நசருல்லாவுக்கு வேண்டியது மணிக்கணக்கு. ஆகாயத்தில் போதிய மணிநேரம் இருந்தவனுக்குத்தான் பெரிய கம்பெனி விமானம் ஓட்டும் வேலை. தானே எடுத்து ஓட்ட எண்ணெய்க்குக் காசில்லை; மாணவன் கட்டும் பணத்தில் அவனோடு பறக்கும் நேரம் வாத்தியார் கணக்கிலும் ஏறும். மாணவன் தனியாகப் பறக்கத் தொடங்கிவிட்டால் ஏறாது. வெள்ளைக்காரர்கள் சண்டைக்குப் போட்டு, அப்படியே விட்டுப்போன அந்த ஓடுதளத்தில் அவனுக்கு வாய்த்த ஒரே மாணவன் கஜபதி. பம்பாய் விமானம் தலைக்குமேல் உறுமிப் போகும்போதெல்லாம் அது மறையும்வரை அண்ணாந்து பார்ப்பான். கூடப் படித்தவன் ஒருவன் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். உட்கார்ந்தால் எழுந்துவிடுவான், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது.

கஜபதியின் தாயார் ஜெயம்மா பக்கத்துக் கண்டிகைக் கிராமத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு சோறு கொண்டுவருவாள். மகன் தனியாகப் பறந்து இறங்கினால் மலைமேல் முருகனுக்கு முடி கொடுப்பதாக வேண்டுதல்.

"இன்னும் ஆவலையா நைனா?" என்று நசருல்லாவைக் கேட்டாள்.

"கொஞ்ச நாள் போவட்டும்மா."

"ஆங், நீ சொன்னா சரிதான்," என்று இன்னொரு கரண்டி புளிச்சோறு வைத்தாள். நசருல்லா குனிந்தபடி தின்றான். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்றிருந்தது.

மறுநாள் காலை தரையிறங்கியதும் நசருல்லா பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெளியே குதித்தான்.

"நீயே ஒரு சுத்து போய்ட்டு வா."

கஜபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"உங்களுக்கு மணி போதுங்களா சார்?"

நசருல்லாவுக்குக் காது சுட்டது. "எப்பலேர்ந்து தெரியும்?"

"நீங்க கைய எடுத்துட்டு சும்மா குந்திகினு வர்றது பின்னால இருக்கறவனுக்குத் தெரியாதுங்களா? அம்மாவுக்கும் தெரியும். ஒங்களுக்கு வேல கெடைக்கட்டும்னுதான் பேசாம இருந்தோம்."

"போடா!" என்று கத்தி, விமானத்தின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினான். விமானம் ஏறி மலையைச் சுற்றியது. அது திரும்பிய திருப்பத்துக்கெல்லாம் கீழே நின்ற நசருல்லாவின் கால்கள், விமானத்து மிதிகட்டையை மிதிப்பதுபோல, மண்ணை மாறிமாறி அழுத்தின.

அடுத்த வாரம், இனி இங்கே மணி ஏறாதென்று நசருல்லா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஜெயம்மா வந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"வேற யாரையாச்சும் ஏத்திகினு பறந்தாலும் ஒங்கணக்குல ஏறுமாமே. கஜபதி சொன்னான். அப்ப நான் காசு கட்றேன், என்னிய ஏத்திகினு போ."

"பயமா இருக்காதாம்மா?"

"பயந்தான். அதுக்கு இன்னா பண்றது?"

மகன் கைகொடுக்க, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அங்கே கிடந்த தோல் தொப்பியை எடுத்து மொட்டைமேல் மாட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது. சந்தனப் பொருக்கு மூக்கில் உதிர்ந்தது.

கஜபதி விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைக் கையால் சுற்றிக் கிளப்பத் தயாராக முன்னால் போய் நின்றான். நசருல்லா பெட்டியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் கிளம்பாத விமானத்தில் ஜெயம்மா இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடியிருந்தாள்.