ஒட்டுப்பால் மூட்டை

மாதவி காரை வீட்டுக்குப் பின்புறம் கொண்டுபோய் நிறுத்தியபோது மணி மூன்று. அப்பா சந்திரன் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஐந்துக்குள் திரும்பிவிடுவார்.

முன்சக்கரங்களுக்குப் பின்னால், வெள்ளைக் கதவு வரைக்கும், திட்டுத் திட்டாய்க் கறுப்பு ரப்பர் அப்பியிருந்தது. பாரோயில் டியூஷன் என்று சொல்லி அப்பாவின் காரை எடுத்துப் போனவள், செண்டாயானில் சாலையை அடைத்து நடத்திய நேர்கோட்டு ட்ராக் ரேஸில் ஓடிவிட்டு வந்திருக்கிறாள். ஓடுவதற்கு முன் டயரைச் சூடேற்றப் புகை பறக்கச் சுழற்றியதில் தெறித்து ஒட்டியது அது. பதினேழு வயதுக்காரி மூன்று பேரை முந்தியிருந்தாள். அடுத்த ஞாயிறு இறுதிச் சுற்று. அப்பா இதைப் பார்த்தால் சாவி போகும். சாவியோடு இறுதிச் சுற்றும் போகும்.

சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தாள். ரப்பர் அசையவில்லை.

கூட வந்திருந்த மயூரி, பள்ளித்தோழி, படியில் உட்கார்ந்து ஐஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். “தின்னர் ஊத்துலா. ஒரே இழுப்புல வந்துரும்.”

“பெயிண்டும் சேர்ந்து வந்துரும். அப்புறம் எங்கப்பா என் தோலை உரிப்பாரு.”

“அப்போ நகத்தால சுரண்டு. அடுத்த வாரம் வரைக்கும் சுரண்டு.”

விடுமுறைக் காலையில் அப்பாவோடு ரப்பர் மரத்துக்குப் போய் ஒட்டுப்பால் உரிக்கிறவள் மாதவி. வெட்டுக்கோட்டில் காய்ந்து நாடாவாய் ஒட்டியிருக்கும் ரப்பர், ஈரத்தில் கிள்ளினால் துண்டு துண்டாய்ப் பிய்யும். வெயில் பட்டபின் நுனியைப் பிடித்தால் நீளமாய் வரும். இதுவும் ரப்பர்தானே? காரை நிழலிலிருந்து நகர்த்தி வெயிலில் நிறுத்தினாள். சமையல் எண்ணெயைத் துணியில் நனைத்துத் திட்டுகள்மேல் ஒற்றிவிட்டுக் காத்திருந்தாள்.

கால் மணி கழித்துக் கட்டைவிரலால் ஓரத்தை நெம்பினாள். வந்தது. ஒட்டுப்பால் மாதிரி நீளமாக இல்லை, புளியங்கொட்டை அளவில். அடுத்ததும் வந்தது. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை.

“அலமாக், வருதுலா!” என்று மயூரியும் எழுந்து வந்தாள்.

நான்கரைக்குக் கார் சுத்தம். காலடியில் ஒரு கைப்பிடி கறுப்புத் துண்டுகள். குப்பைத் தொட்டி வாசலில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருந்தது. மயூரி சுவரோரம் கைகாட்டினாள். “அந்த மூட்டையில போடு. அதுவும் கறுப்பாதானே இருக்கு?”

அப்பாவின் ஒட்டுப்பால் மூட்டை. ஒரு மாத உரிப்பு. மாதவி யோசிக்காமல் உள்ளே போட்டுக் கலக்கிவிட்டாள். மயூரி தன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனாள்.

அப்பா வந்ததும் காரைத்தான் பார்த்தார். “என்னா, பளபளங்குது? டியூஷன்ல கார் கழுவவா சொல்லிக் குடுத்தாங்க?”

மாதவி சிரித்து வைத்தாள்.

“அஞ்சரைக்கு லோரி வருது. கணேசமூர்த்தி இனிமே எல்லார் மூட்டையையும் கீழ கொட்டித்தான் வாங்குவாராம்.” அப்பா சட்டையைக் கழற்றியபடி சொன்னார். பகாவில் ரப்பர் வாங்குகிறவர் கணேசமூர்த்தி. “மணியம் எடை ஏத்த தன் மூட்டையில பழைய டயரை வெட்டிப் போட்டிருக்கான். இன்னிக்கு கோயில்ல அவன் பக்கத்துல ஒருத்தனும் உக்காரலை. நான் சொல்லிட்டேன், முதல்ல என் மூட்டையைக் கொட்டுங்கன்னு. எனக்கென்ன பயம்?”

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

மாதவி மூட்டையைக் கார் மறைவுக்கு இழுத்துப்போய்ச் சாக்கு விரித்துக் கொட்டினாள். நாற்றம் மூக்கில் ஏறியது. எல்லாமே கறுப்பு. ஒவ்வொன்றாய் எடுத்து இழுத்துப் பார்த்தாள். நீண்டு சுருங்கினால் மரத்து ரப்பர், உதிர்ந்தால் டயர். ஒன்று கிடைத்தது. பிறகு இன்னொன்று. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றபோது பதினொன்று சேர்ந்திருந்தது. எத்தனை போட்டாள்? எண்ணவில்லையே. மறுபடி மூட்டையைக் கட்டி வைத்துவிட்டால் கண்ணில் படாமலே போகலாம். போகாமலும் இருக்கலாம்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நின்றார். “என்னாம்மா பண்றே?”

“ப்பா.” கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். “நான் டியூஷனுக்குப் போகலை. செண்டாயான்ல ரேஸ் ஓடினேன். கார்ல ஒட்டின டயர் ரப்பரை உரிச்சு உங்க மூட்டையில போட்டுட்டேன்.”

அவர் சாக்கின்மேல் கிடந்ததைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

“சாவி.”

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டார். தூரத்தில் செம்மண் பாதையில் லோரி ஹாரன் அடித்தது.

“வருது ப்பா. நீங்க போய் மத்தவங்க மூட்டையை முதல்ல பாக்கச் சொல்லுங்க.”

“முதல்ல என்னோடதுன்னு நான் சொன்னேனே?”

“நான் முடிக்கலை ப்பா. முடிச்சுட்டு நானே தூக்கிட்டு வரேன்.”

அப்பா கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். மாதவி அடுத்த துண்டை எடுத்து இழுத்தாள். உதிர்ந்தது.