அப்பா மூன்று

சுபாஜினி பதினான்கு வருடங்களில் நானூறு பேருக்கு மேல் ஒப்பாரி வைத்திருக்கிறாள். அவர்களில் ஒருவரைக் கூட அவள் உயிரோடு கண்டதில்லை.

அது அவள் பிழையல்ல, தொழில் அப்படி. மருதனார்மடத்துக்குக் கிட்ட கிறிஸ்துநாயகத்தின் அச்சகத்தில் அவள் கல்வெட்டு எழுதுகிறாள். பெயர்தான் கல்வெட்டு, கல்லில் வெட்டுகிற சோலி ஒன்றுமில்லை. செத்தவரின் படம், பிறந்த இறந்த திகதி, நாலு தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வரிசையாகப் பாட்டுகள். முப்பத்தோராம் நாள் சாப்பிட வருகிற சனத்தின் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் செத்தவர் ஒழுங்காகச் சாகவில்லை என்பது போல ஊர் பார்க்கும்.

தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் புதிதாகத்தான் எழுதினாள். இருபத்தைந்து வயதில் ஒரு கவிதைத் தொகுதி போட்டவள், சும்மா ஆளில்லை. மூன்றாம் வருடம் அளவில் சொற்கள் தேயத் தொடங்கின. குடும்பத்தின் தூண், குலவிளக்கு, வாடாத மலர், ஆலமரம். எத்தனை அப்பாமார்தான் ஆலமரமாக இருப்பது? பிறகு கணினியில் கோப்புகள் வந்தன: அப்பா ஒன்று, அப்பா இரண்டு, அப்பா மூன்று, அம்மா ஐந்து வரை. பெயரை மாற்றினால் போதும். பின்னேரம் வீட்டுக்குப் போனால், சொந்தமாக ஒரு வரி எழுத உட்கார்ந்தாலும் அதே தூணும் அதே விளக்கும் வந்து நின்றன. வேலை செய்த களைப்பு படுத்தெழும்பினால் போய்விடும். இது சொற்கள் மேல் வந்த களைப்பு, படுத்தும் போகவில்லை. ஆறு வருடமாக அவள் தனக்கென்று ஒன்றும் எழுதவில்லை.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு திங்கட்கிழமை, நீர்வேலியிலிருந்து மீனாம்பிகை அச்சகத்துக்கு வந்தார். எழுபது வயது, வெள்ளைச் சேலை. ஓட்டோவை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டு வந்தவர் உட்காரவில்லை. அவருடைய கணவர் ஆழ்வாப்பிள்ளையின் கல்வெட்டை முதல் நாள்தான் வாட்சப்பில் பார்வைக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள்.

"உந்தப் பிள்ளையள் புலம்பலை ஆர் எழுதினது?" என்று கேட்டார்.

"நான்தான் அம்மா," என்றாள் சுபாஜினி.

"ஒருக்கா வாசியும் பிள்ளை. எல்லாருக்கும் கேக்க வாசியும்."

சுபாஜினி வாசித்தாள்.

"அன்பின் உருவாகி அயலவர் போற்ற வாழ்ந்தாய்
துன்பம் தெரியாமல் தோளிலே எமைச் சுமந்தாய்
என்பும் உருகுதையா எங்குநீ சென்றாயோ
இன்ப முகம்காண இனியெங்கு போவோமோ."

"நல்லாத்தான் இருக்கு," என்றார் மீனாம்பிகை. "எட்டு மாசத்துக்கு முதல் பக்கத்து வளவுப் பஞ்சலிங்கம் செத்த நேரமும் நல்லாத்தான் இருந்ததாம். என்ரை மச்சாள் அந்த வீட்டுக்குப் போனவ. ஒரு எழுத்து மாறேல்லை எண்டு சொல்லுறா."

கிறிஸ்துநாயகம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கணினியைத் தட்டினார். இரண்டும் அப்பா மூன்று. திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

"அம்மா, பாட்டு எண்டால் சில நேரம் ஒண்டு போலை வரும் தானே," என்று இழுத்தார்.

"தம்பி, அந்தாளோடை என்ரை மனுசன் இருபத்திரண்டு வருசம் வழக்காடினவர். ஒண்டரை அடி நிலம். வேலியைத் தள்ளிப் போட்டான் எண்டு. செத்த வீட்டுக்கும் போகேல்லை, கலியாண வீட்டுக்கும் போகேல்லை. கடைசியிலை ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டோ? அதுகும் அயலவர் போற்ற வாழ்ந்தாயாம். ஊர்ச்சனம் சாப்பிட்டுப் போட்டுச் சிரிச்சுக்கொண்டு போகும்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "வெள்ளிக்கிழமைக்கு வேறை எழுதித் தாரும். அவருக்கு மட்டும் பொருந்துறதா எழுதும். ஏலாதெண்டால் சொல்லும், கல்வெட்டே வேண்டாம்."

"எழுதித் தாறன் அம்மா," என்றாள் சுபாஜினி. அவளுக்குக் காது சுட்டது. நானூறு வீட்டுக்காரரில் ஒருவராவது இப்படி வந்து கேட்பார் என்று அவள் பயந்துகொண்டே இருந்தாள். இன்று வந்தேவிட்டார்.

செவ்வாய் முழுவதும் எழுதினாள். எழுதி அழித்தாள் என்பதுதான் சரி. வாழைத்தோட்டம் செய்தவர் என்று குறிப்பில் இருந்தது. வாழையடி வாழையாய் என்று தொடங்கினாள். அது அப்பா ஒன்று. மண்ணை நேசித்த மாமனிதர் என்று எழுதினாள். நீர்வேலியில் போன வருடம் மட்டும் ஏழு மாமனிதர்கள் மண்ணை நேசித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஏன் மண்டையை உடைக்கிறாய்?" என்றார் கிறிஸ்துநாயகம். "இப்ப போனிலை கேட்டால் அதுவே பாட்டு எழுதித் தருதாம்." தன் கைப்பேசியில் தட்டி நீட்டினார். அன்பின் உருவமே, அயலவரின் ஒளியே என்று அது தொடங்கியிருந்தது.

"அதுகும் என்ரை கல்வெட்டுகளைத்தான் படிச்சிருக்குப் போலை, அண்ணை," என்றாள் சுபாஜினி. அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னிடம் ஒரு காலத்தில் இருந்த ஏதோவொன்று தீர்ந்துவிட்டது என்று இதுவரை நினைத்திருந்தாள். ஒருவேளை இருந்ததேயில்லையோ என்று அன்றுதான் முதன்முதலாக நினைத்தாள். அந்த நினைப்பு அவளை நன்றாக நோகடித்தது.

புதன்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நீர்வேலிக்குப் போனாள். அன்று பின்னேரம் அச்சுக்குக் கொடுத்தால்தான் வெள்ளிக்குப் புத்தகம். செத்தவரின் வீட்டுக்குப் போய் எழுதுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. இருபுறமும் வாழைத் தோட்டங்கள், குலைகளுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

வீட்டில் சொந்தக்காரர் நாலைந்து பேர் மரக்கறி வெட்டுகிற இடம், பந்தல் போடுகிற இடம் என்று கதைத்துக்கொண்டு நின்றார்கள். ஆழ்வாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"நல்ல மனுசன்," என்றார் ஒருவர்.

"சோலி சுரட்டுக்குப் போகாத ஆள்," என்றார் இன்னொருவர், இருபத்திரண்டு வருடம் வழக்காடிய மனிதரைப் பற்றி.

மகள் கோபிகா நன்றாக யோசித்துவிட்டு, "அப்பா எங்களுக்கு ஆலமரம் மாதிரி," என்றாள். சுபாஜினிக்கு அழலாம் போல இருந்தது. அவள் எழுதி எழுதி, இப்போது சனமே கல்வெட்டுப் போலக் கதைக்கத் தொடங்கிவிட்டது.

மீனாம்பிகை ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "உதுக்குள்ளை அவரின்ரை கடுதாசியள் கிடக்கு. வழக்குக் கட்டுத்தான் கூட. நான் திறக்கிறேல்லை. ஏதும் உதவுமோ பாரும்," என்றுவிட்டு அடுப்படிக்குப் போனார்.

காணி உறுதி, நில அளவைப் படம், சட்டத்தரணியின் கடிதங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கல்வெட்டு. அட்டையில் பஞ்சலிங்கத்தின் படம். சுபாஜினி எழுதியதுதான். யாரோ கோயிலடியில் வைத்து ஆழ்வாப்பிள்ளையின் கையில் கொடுத்திருக்க வேண்டும். திறந்தாள். பக்கம் முழுவதும் சிவப்புப் பேனாவால் திருத்தியிருந்தது, பத்தாம் வகுப்புக் கட்டுரை போல.

'அயலவர் போற்றிய பண்பாளர்' என்பதன் கீழே கோடு. பக்கத்தில்: எந்த அயலவன்? என்னைக் கேட்டவையோ?

'அதிர்ந்து பேசாதவர்.' பொய். விடிய ஐஞ்சு மணிக்குக் கிணத்தடியிலை காறினால் கோயில் வரைக்கும் கேக்கும். அதைக் கேட்டுத்தான் நான் எழும்புறனான்.

'இறை பக்தி மிக்கவர்.' பூசைக்கு ஒரு கண்ணைத்தான் மூடுவான். மற்றது நான் வாறனோ எண்டு பாக்கும்.

'வாரி வழங்கும் வள்ளல்.' என்ரை மரத்து மாங்காய் அங்காலை விழுந்தால் ஒருநாளும் திருப்பித் தரேல்லை. ஆனால் என்ரை சிவலைப் பசு கண்டு போட்ட நேரம் கொட்டுற மழைக்குள்ளை வேலிக்கு அங்காலை நிண்டு ரோச்லைற் அடிச்சவன். கண்டுக்குட்டி எழும்பி நிக்குமட்டும் நிண்டான். ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. நானும் கதைக்கேல்லை.

பிள்ளைகள் புலம்பலை அவர் திருத்தவில்லை. முழுவதற்கும் மேலாகக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, அடியில் எழுதியிருந்தார்: அடுத்த வழக்குத் தவணை ஒக்டோபர் 14. இவன் வரமாட்டான்.

சுபாஜினி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வெட்கமாக இருந்தது. அவள் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுத்த மனிதரை, அவருடைய பகையாளி நாலு வரியில் எழுப்பி நிறுத்தியிருந்தார். பகை என்றால் என்ன, இருபத்திரண்டு வருடம் கண் வாங்காமல் பார்த்திருக்கிறார். ஆழ்வாப்பிள்ளையை அப்படிப் பார்த்திருக்கக் கூடியவரும் ஒருவர்தான். அவர் எட்டு மாதத்துக்கு முதலே போய்விட்டார். அவள் தன்னையும் நினைத்துப் பார்த்தாள். அவளோடு கோபித்துக்கொள்ளக் கூட இந்த ஊரில் ஒருவரும் இல்லை.

மீனாம்பிகை பால்தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"அம்மா, பஞ்சலிங்கத்தார் செத்த பிறகு இவர் எப்பிடி இருந்தவர்?"

"எப்பிடி இருக்கிறது? சந்தோசமாத்தான் இருந்திருக்கோணும்." அவர் நிலத்தில் உட்கார்ந்தார். "அந்தாளின்ரை பிள்ளையள் எல்லாம் வெளியிலை. வழக்கு வேண்டாம், இவர் கேக்கிற நிலத்தை எடுக்கட்டும் எண்டு எழுதிக் குடுத்திட்டினம். வெண்டிட்டார்."

"பிறகு?"

"பிறகென்ன. எடுக்கேல்லை. வேலியைத் தள்ளிப் போடுவிப்பம் எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான். பாப்பம், பாப்பம் எண்டார். இந்த வருசம் வேலி அடைக்கவும் இல்லை. விடிய எழும்பி முந்தி மாதிரி வேலியடிக்குப் போவார். முந்தியெண்டால் போய் அந்தாளை நல்லா ஏசிப் பேசிப்போட்டு வந்துதான் தேத்தண்ணி கேப்பார். இப்ப போய்ச் சும்மா நிண்டிட்டு வருவார். தேத்தண்ணியும் ஆறிப்போகும்." தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் தள்ளிவைத்தார். "சாப்பாடும் குறைஞ்சிட்டுது. நான் வயசு போட்டுது எண்டு நினைச்சன்."

சுபாஜினி கொப்பியைத் திறந்தாள். எதுகை தேடவில்லை. தேடினால் தூணும் விளக்கும் வந்துவிடும் என்று பயமாக இருந்தது. எழுதி முடித்துவிட்டு வாசித்துக் காட்டினாள்.

"ஆழ்வாப்பிள்ளை தன் ஒன்றரை அடி நிலத்துக்காகப் பஞ்சலிங்கத்தோடு இருபத்திரண்டு வருடம் வழக்காடினார். தினமும் விடியலில் வேலியடிக்குப் போய் அவரைப் பேசிவிட்டு வந்தே தேநீர் குடித்தார். பஞ்சலிங்கம் இறந்தபின் நிலம் இவருக்குக் கிடைத்தது. இவர் எடுக்கவில்லை. ஏழு மாதம் விடியலில் வேலியடிக்குப் போய், பேச ஆளில்லாமல் திரும்பி வந்தார். தேநீர் ஆறியிருந்தது. பிறகு இவரும் போய்விட்டார்."

மீனாம்பிகை எழும்பிப் போய் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு, கறையான் அரித்த அந்த வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழியென்று சொல்லப்போகிறார் என்று சுபாஜினி நினைத்தாள். அந்த மனிதரின் பாட்டு வேண்டாம் என்றவருக்கு அந்த மனிதரையே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். பின்னேரத்துக்குள் வேறு எழுத அவளால் முடியாது. இனி எப்போதுமே முடியாது போலவும் இருந்தது.

"மாடு கண்டு போட்ட நேரம் அந்தாள் வந்து நிண்டது எனக்குத் தெரியும்," என்றார் மீனாம்பிகை, திரும்பாமலே. "நான் குசினி யன்னலாலை கண்டனான். இவர் என்னட்டைச் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை." மூக்கை உறிஞ்சினார். பிறகு திரும்பினார். "போடும்."

"ஓம் அம்மா."

"அந்தாளின்ரை பேரை மட்டும் என்ரை மனுசன்ரை பேரை விடச் சின்ன எழுத்திலை போடும்."

வெள்ளிக்கிழமை புத்தகம் போனது. அதைப் பற்றி யாரும் நல்லதாகச் சொன்னார்களா, சிரித்தார்களா என்று சுபாஜினிக்குத் தெரியவரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை, முழுக்கைச் சட்டை போட்ட மயூரதன் என்பவர் தன் தாயின் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவசரம், வெளிநாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், வழமையாக எழுதுவதையே எழுதினால் போதும் என்றார்.

திரையில் அம்மா ஐந்து திறந்தபடிதான் இருந்தது. பெயரை மாற்ற இரண்டு நிமிடம். வெளியில் வெயில் அப்படியே கொளுத்தியது. சுபாஜினி கொஞ்ச நேரம் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"அம்மாவோடை ஆருக்கும் கோவம் இருந்ததோ?" என்று கேட்டாள்.

"என்ன கேள்வி இது? அம்மா ஒருத்தரோடையும் கொழுவாதவ." மயூரதனின் முகம் சிவந்தது. அவள் கொப்பியைத் திறந்து வைத்தாள். அவர் கைப்பேசியைத் திறந்தார், மூடினார். "சின்னம்மா ஒராள் இருக்கிறா. அம்மாவின்ரை தங்கச்சி. பதினாறு வருசமாக் கதைபேச்சில்லை. செத்த வீட்டுக்கும் வரேல்லை."

இல்லை என்று சொல்லியிருக்கலாமே இந்த மனிதர் என்று சுபாஜினிக்கு அலுப்பாக இருந்தது. எழும்பி ஹெல்மெற்றை எடுத்தாள்.

"சின்னம்மா எங்கை இருக்கிறா?"